குறுக்குக் குறியா, எண்ணா? பிரிட்டனில் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளாஸ்கோ நகரில் குடியிருக்கும் ஒருவர், லண்டனில் கூடும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கான தேர்தலில் ஒரு வேட்பாளரின் பெயருக்கு நேராக ஒரேயொரு குறுக்குக் குறி இட வேண்டும். எடின்பரோவில் கூடும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அவர் கையில் இரண்டு சீட்டுகள் தரப்படும். சீட்டுக்கு ஒன்றாக இரண்டு குறிகள் இட வேண்டும். மாநகர மன்றத் தேர்தல் வந்தால் குறுக்குக் குறியை மறந்துவிட்டு 1, 2, 3 என்று எண்களை எழுத வேண்டும். மூன்றுக்கும் வாக்குச்சாவடி பெரும்பாலும் அதே பள்ளிக்கூடம்தான், அதே பென்சில்தான். ஆனால் பெட்டிக்குள் விழுந்த பிறகு அந்தக் குறிக்கு என்ன நேர்கிறது என்பது மூன்றிலும் வேறு வேறு.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டுடன் பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்து, வாக்காளர் அட்டை ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்ததைக் கண்டு திகைத்து நிற்பவர்களை மனத்தில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்பது இதன் வேலையன்று. எந்த முறையில் உங்கள் வாக்குக்கு எவ்வளவு கனம், அது எங்கே வீணாகிறது, பொது வாக்கெடுப்பு என்று ஒன்று அறிவிக்கப்பட்டால் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவற்றை மட்டும் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்களுக்கு வாக்குரிமை உண்டா என்று பாருங்கள்

பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற பிறகுதான் வாக்களிக்க முடியும் என்று நம்மவர்களில் பலர் பல ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள், பிரிட்டனில் தங்குவதற்கான முறையான அனுமதி பெற்றிருந்தால், நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். மாணவர் விசாவில் வந்த மதுரைக்காரருக்கும், வேலை விசாவில் வந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கும் இது பொருந்தும். அடைக்கலம் கோரி விண்ணப்பித்து, எந்த அனுமதியும் இல்லாமல் முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த உரிமை இன்னும் வந்து சேராது.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனியிலோ பிரான்சிலோ நெதர்லாந்திலோ பல ஆண்டுகள் வாழ்ந்து அந்நாட்டுக் குடியுரிமையோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஈழத் தமிழர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில்கூட, 2020 முடிவதற்குள் அவர்கள் இங்கே குடியேறிவிட்டார்களா என்பதைப் பொறுத்தே வாக்கு. ஒரே குடும்பத்தில் கொழும்புக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மருமகளுக்கு வாக்கு உண்டு, பாரிஸ் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மாமனாருக்கு இல்லை என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தங்கள் நாடாளுமன்றத் தேர்தல்களிலும் உள்ளாட்சித் தேர்தல்களிலும் இந்த வேறுபாட்டை நீக்கிவிட்டன. அங்கே தங்கும் அனுமதி உள்ள எந்த நாட்டவரும் வாக்களிக்கலாம், 16 வயது நிரம்பினால் போதும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலுக்கு இதுவரை 18 வயதாக இருந்துவருகிறது. அதையும் 16 ஆக்கப்போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது.

இரண்டாம் படி: பட்டியலில் பெயரைச் சேருங்கள்

அரசின் இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை இது. தேசியக் காப்புறுதி எண் கையில் இருந்தால் போதும். வாக்குப்பதிவு நாளுக்கு 12 வேலை நாட்கள் முன்பே பதிந்துவிட வேண்டும். வட அயர்லாந்துக்கு மட்டும் தனி அலுவலகமும் தனிப் பதிவும் உண்டு. பல்கலைக்கழக மாணவர்கள் படிக்கும் ஊரிலும் குடும்பம் இருக்கும் ஊரிலும் பதிந்துகொள்ளலாம்; ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் ஓரிடத்தில்தான் வாக்களிக்க வேண்டும். படிவத்தின் இறுதியில் உங்கள் பெயரைத் திறந்த பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் விலை கொடுத்து வாங்கலாம் என்பதால், வேண்டாம் என்று குறிப்பதே நல்லது. அதனால் வாக்குரிமைக்கு எந்தக் குறையும் வராது.

நம் பெயர்களில் உள்ள ஒரு சிக்கலைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். தலைப்பெழுத்தோடு எழுதிப் பழகிய நாம், ஒரு படிவத்தில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் முதற்பெயராகவும் எழுதிவிடுகிறோம். வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரும், வாக்குச்சாவடியில் நீங்கள் காட்டப்போகும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே கடவுச்சீட்டில் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ அதே வரிசையில் பதியுங்கள்.

மூன்றாம் படி: எந்தத் தேர்தலுக்கு எந்த முறை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 650 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். அதிக வாக்கு பெற்றவருக்கே வெற்றி. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற விதி கிடையாது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வாக்களித்த தமிழ்நாட்டவர்களுக்கு இது பழகிய முறைதான். இந்தியா இதைப் பிரிட்டனிடமிருந்தே எடுத்துக்கொண்டது. சில சின்ன வேறுபாடுகள் உண்டு. இந்தியாவில் ஆறில் ஒரு பங்கு வாக்கு வாங்காதவர் டெபாசிட் இழப்பார்; இங்கே 5 சதவீதம் வாங்கினாலே 500 பவுண்ட் டெபாசிட் திரும்பிவிடும். நோட்டாவும் கிடையாது.

இந்த முறையின் எளிமையை யாரும் மறுக்க முடியாது. இரவோடு இரவாக எண்ணி முடித்து, மறுநாளே புதிய பிரதமர் பதவியேற்றுவிடுகிறார். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். 2024 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி வாங்கிய வாக்குகள் 33.7 சதவீதம், கிடைத்த இடங்கள் 411, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதே தேர்தலில் ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீத வாக்குடன் 5 இடங்களையும், அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சி 72 இடங்களையும் பெற்றன. ஒரு கட்சியின் ஆதரவு நாடெங்கும் சமமாகப் பரவிக் கிடந்தால் எல்லா இடத்திலும் இரண்டாவதோ மூன்றாவதோ வரும். சில வட்டாரங்களில் திரண்டிருந்தால் அங்கெல்லாம் வெல்லும். இந்த முறையில் எவ்வளவு வாக்கு என்பதைவிட எங்கே வாக்கு என்பதே பெரிது.

தொகுதி அளவில் ஒன்றைப் பார்ப்போம். தென்மேற்கு நார்ஃபோக்கில் 2024-இல் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 630 வாக்குகளில் தோற்றார். அவரை வென்ற தொழிற்கட்சி வேட்பாளர் வாங்கியது 26.7 சதவீதம். வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் வேறு யாருக்கோ வாக்களித்திருக்கிறார்கள். அவர்களுடைய வாக்குகள் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. இதனால்தான் இங்கே பலர், தமக்குப் பிடித்தவருக்கு வாக்களிப்பதை விட்டுவிட்டு, பிடிக்காதவரைத் தோற்கடிக்க வாய்ப்புள்ளவருக்கு வாக்களிக்கிறார்கள். உங்கள் தொகுதியில் சென்ற முறை முதலிரண்டு இடங்களில் யார் வந்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது, இந்த முறைக்கு மட்டும், பயனுள்ள முன்தயாரிப்பு.

இங்கிலாந்தில் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றங்களின் தேர்தல்களும் இதே அடிப்படையில் நடக்கின்றன. ஆனால் லண்டன் பகுதிகளில் ஒரு வட்டாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், உங்களுக்கும் அத்தனை குறிகள் உண்டு. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம், இடங்களின் எண்ணிக்கையைத் தாண்டினால் சீட்டு செல்லாது. நம்மவர்கள் திரளாக வாழும் ஈஸ்ட் ஹாம் உள்ள நியூஹாம் கவுன்சிலில் 2010-இலும் 2014-இலும் 60 இடங்களையும் ஒரே கட்சி வென்றது. அங்கே வேறு கட்சிக்கு வாக்களித்தவர்களே இல்லை என்பதல்ல பொருள். அவர்கள் எந்த வட்டாரத்திலும் முந்தவில்லை, அவ்வளவே.

மேயர் தேர்தல் முறை ஒரு முறை மாறியதால், பழைய ஆட்களின் அறிவுரையை அப்படியே கேட்காதீர்கள். 2000 முதல் 2021 வரை லண்டன் மேயர் தேர்தலில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு பத்திகள் இருந்தன. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதலிருவரைத் தவிர மற்றவர்களை நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த சீட்டுகளில் உள்ள இரண்டாம் விருப்பத்தைச் சேர்த்து எண்ணுவார்கள். இலங்கை ஜனாதிபதித் தேர்தலின் விருப்பு வாக்கை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்; அங்கே 2024-இல்தான் முதன்முறையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. என் நண்பர் ஒருவர், தமக்குப் பிடித்தவருக்கு இரட்டைப் பலம் சேர்வதாக எண்ணி, இரண்டு பத்திகளிலும் ஒரே பெயருக்கு நேரே குறியிட்டுவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார். முதல் குறி செல்லும். இரண்டாவது வெறும் கோடு. 2022-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் இந்த முறையை நீக்கியது. 2016-இல் சாதிக் கான் முதல் சுற்றில் 44.2 சதவீதம் வாங்கியும் இரண்டாம் எண்ணிக்கைக்குப் பிறகே வென்றார், 2024-இல் 43.8 சதவீதமே அவருக்குப் போதுமாயிருந்தது. பழைய முறையைத் திரும்பக் கொண்டுவருவதற்கான மசோதா 2025-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆகவே சீட்டின் மேலே அச்சிட்டிருக்கும் குறிப்பை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படியுங்கள்.

இரண்டு சீட்டு முறையும் அதன் கணக்கும்

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் 129 உறுப்பினர்களில் 73 பேர் தொகுதிகளிலிருந்தும், 56 பேர் எட்டு வட்டாரங்களின் கட்சிப் பட்டியல்களிலிருந்தும் வருகிறார்கள். முதல் சீட்டில் ஆளையும் இரண்டாவது சீட்டில் கட்சியையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். லண்டன் பேரவையின் 25 உறுப்பினர்களும் இவ்வாறே, 14 பேர் தொகுதியிலும் 11 பேர் பட்டியலிலும், தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

இரண்டாவது வாக்கை மாற்று விருப்பம் என்று தவறாக எண்ணுவோர் மிகப் பலர். அது உண்மையில் ஈடுசெய்யும் வாக்கு. தொகுதிகளில் அளவுக்கு மீறி வென்ற கட்சியைப் பின்னுக்குத் தள்ளி, வாக்கு இருந்தும் இடம் கிடைக்காத கட்சியை முன்னே கொண்டுவருவதே அதன் வேலை. இதை ஒரு கணக்கால் பார்த்துவிடுவது நல்லது. ஒரு வட்டாரத்தில் 9 தொகுதிகள், 7 பட்டியல் இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் வாக்குகளில் முதல் கட்சிக்கு 1,20,000, இரண்டாவதற்கு 75,000, மூன்றாவதற்கு 36,000, நான்காவதற்கு 35,000. ஆனால் ஒன்பது தொகுதிகளையும் முதல் கட்சியே வென்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு கட்சியின் வாக்கையும், அது ஏற்கெனவே பெற்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணால் வகுக்க வேண்டும். முதல் கட்சியின் 1,20,000 பத்தால் வகுபட்டு 12,000 ஆகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது கட்சி 75,000 உடன் முதல் பட்டியல் இடத்தைப் பெறுகிறது. அடுத்து அதன் வாக்கு இரண்டால் வகுபட்டு 37,500 ஆகிறது, அப்போதும் அதுவே முன்னிலை, இரண்டாவது இடமும் அதற்கே. மூன்றால் வகுத்தால் 25,000. ஆகவே மூன்றாவது இடம் 36,000 உள்ள கட்சிக்கும் நான்காவது இடம் 35,000 உள்ள கட்சிக்கும் போகின்றன. ஐந்தாவதும் ஆறாவதும் மறுபடி இரண்டாவது கட்சிக்கு. ஏழாவது இடத்துக்குப் போட்டியிடுவோர் 12,000, 15,000, 18,000, 17,500. ஆக அது மூன்றாவது கட்சிக்கு. முடிவில் இரண்டாவது கட்சிக்கு நான்கு, மூன்றாவதற்கு இரண்டு, நான்காவதற்கு ஒன்று. முதல் கட்சிக்குப் பட்டியலில் ஒன்றுமில்லை.

எண்கள் என் கற்பனை, முடிவு கற்பனையன்று. 2021-இல் கிளாஸ்கோ வட்டாரத்தில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி ஒன்பது தொகுதிகளையும் வென்று பட்டியலில் எதுவும் பெறாமல் போக, தொழிற்கட்சிக்கு நான்கும் கன்சர்வேடிவ் கட்சிக்கு இரண்டும் பசுமைக் கட்சிக்கு ஒன்றும் கிடைத்தன. உங்கள் கட்சி தொகுதிகளை எல்லாம் அள்ளிவிடும் வட்டாரத்தில் இரண்டாவது வாக்கையும் அதற்கே போடுவது பெரும்பாலும் பயனற்றது என்று அங்குள்ளவர்கள் விவாதிப்பது இதனால்தான். இருந்தாலும் தொகுதி முடிவுகளை முன்கூட்டியே சரியாகக் கணிப்பவர் யாருமில்லை என்பதால், அதைச் சூதாட்டமாகவே நான் பார்க்கிறேன்.

வேல்ஸ் 1999 முதல் இதே முறையைக் கையாண்டு வந்தது. 2024-இல் இயற்றிய சட்டப்படி, 2026 தேர்தல் முதல் அதை விட்டுவிட்டு, 16 தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர், மொத்தம் 96 உறுப்பினர்கள் என்ற விகிதாசார முறைக்கு மாறுகிறது. கட்சிக்கு ஒரே குறி. பட்டியலில் யார் முதலில் என்பதைக் கட்சியே முடிவு செய்கிறது. எண்ணுவதற்கு எளிது, ஆனால் பிடிக்காத வேட்பாளர் ஒருவரைப் பட்டியலிலிருந்து கழிக்க வாக்காளரிடம் எந்தக் கருவியும் இல்லை.

எண்கள் எழுதும் முறை

வட அயர்லாந்துப் பேரவைக்கு 18 தொகுதிகள், தொகுதிக்கு ஐந்து பேர், மொத்தம் 90. வட அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களிலும், 2007 முதல் ஸ்காட்லாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களிலும் போல, இங்கும் விருப்ப வரிசையை எண்களால் குறிக்கும் ஒற்றை மாற்று வாக்கு முறைதான். இந்தியாவில் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது இந்த முறையில்தான் என்பதால் பெயரைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள்.

ஐந்து இடங்களுக்கு 48,000 செல்லும் வாக்குகள் என்றால், அதை ஆறால் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும்: 8,001. இதை எட்டியவர் வென்றவர். அவருக்குத் தேவைக்கு மேல் கிடைத்த வாக்குகள் வீணாகாமல் அந்தச் சீட்டுகளின் அடுத்த விருப்பத்துக்கு மாறுகின்றன. யாரும் எட்டாத சுற்றில் கடைசியில் உள்ளவர் நீக்கப்பட்டு அவருடைய சீட்டுகளும் அடுத்த பெயருக்குப் போகின்றன. பெல்ஃபாஸ்ட்டில் இது இரண்டு நாள் வரை இழுக்கும். வாக்காளர் செய்ய வேண்டியதோ மிக எளிது: பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, விரும்பும் வரை எழுதிக்கொண்டே போகலாம். 1 மட்டும் எழுதினாலும் சீட்டு செல்லும். கீழே எழுதும் எண் மேலே எழுதியவருக்குக் கேடு செய்யாது. முதல் விருப்பத்தின் கதை முடிந்த பிறகுதான் இரண்டாவதை எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு சிறு குறை: பெயர்கள் அகரவரிசையில் இருப்பதால், ஒரே கட்சியின் இருவரில் மேலே இருப்பவருக்கே 1 விழுகிறது என்பதை ஸ்காட்லாந்தில் பல தேர்தல்களில் கண்டிருக்கிறார்கள்.

எனக்கு இவற்றுள் எது பிடிக்கும் என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன். நான் அறிந்தவற்றில் வாக்காளரிடம் அதிகம் கேட்டு அதிகம் தருவது இதுவே. ஆனால் முறைகளைக் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007 மே மாத ஸ்காட்லாந்து சாட்சி. ஒரே நாளில் ஒரு சீட்டில் எண்கள், இன்னொரு தாளில் இரண்டு பத்திகளில் இரண்டு குறுக்குக் குறிகள். நாடாளுமன்றத் தேர்தலில் மட்டும் 1,40,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாமல் போயின. அதன் பிறகு அந்த இரண்டு தேர்தல்களும் வேறு வேறு ஆண்டுகளுக்குப் பிரிக்கப்பட்டன.

நான்காம் படி: வாக்குச்சாவடிக்குப் போகும்போது

காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை வாக்களிக்கலாம். வழக்கமாக வியாழக்கிழமை, விடுமுறை கிடையாது. இங்கிலாந்தில் எந்தத் தேர்தலானாலும், பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் எல்லா இடத்திலும், படத்துடன் கூடிய அடையாள ஆவணம் வேண்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும். காலாவதியானாலும் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். ஆதார், இந்திய ஓட்டுநர் உரிமம், இலங்கைத் தேசிய அடையாள அட்டை ஆகியவை செல்லாது. எதுவும் இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு ஆறு வேலை நாட்கள் முன்பே விண்ணப்பிக்கலாம். ஸ்காட்லாந்து, வேல்ஸ் நாடாளுமன்றங்களுக்கும் அங்குள்ள உள்ளாட்சிகளுக்கும் நடக்கும் தேர்தல்களில் ஆவணம் கேட்பதில்லை.

வாசலில் கட்சிப் பட்டை அணிந்த ஒருவர் உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பார். அவர் அரசு ஊழியர் அல்லர். யார் வாக்களித்துவிட்டார்கள் என்று கணக்கெடுக்கும் கட்சிக்காரர். சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. உள்ளே பெயரும் முகவரியும் கேட்டு, அளவுகோலை வைத்துப் பட்டியலில் உங்கள் வரியை நேராகக் கோடிட்டு அடிப்பார்கள். நூலில் கட்டிய பென்சில் இருக்கும். நம்பிக்கை இல்லாதவர்கள் சொந்தப் பேனாவைப் பயன்படுத்தலாம். விரலில் மை வைக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா, மை வைக்காமல் அனுப்பிவிட்டார்களே, வாக்கு பதிவாயிற்றா என்று திரும்பிப் போய்க் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

ஐந்தாம் படி: பொது வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டால்

இலங்கையர் சர்வஜன வாக்கெடுப்பு என்று சொல்வதை இங்கே மூன்று முறைதான் நாடு முழுவதும் நடத்தியிருக்கிறார்கள்: 1975, 2011, 2016. எழுத்தில் தொகுக்கப்பட்ட அரசியல் சட்டம் இல்லாத நாட்டில், எப்போது மக்களைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் பொது விதியும் இல்லை. ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் தனிச் சட்டம் இயற்ற வேண்டும்; அந்தச் சட்டமே வாக்களிக்கும் உரிமை, கேள்வி, வெற்றிக்கான அளவு, முடிவு அரசைக் கட்டுப்படுத்துமா என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே பிரசாரத் துண்டறிக்கையைப் படிப்பதற்கு முன் இந்த நான்கையும் தேடுங்கள்.

யாருக்கு வாக்கு என்பது சிறு விஷயமன்று. 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று கேட்டபோது, அங்கே வாழும் ஐரோப்பியர், காமன்வெல்த் நாட்டவர், 16 வயதினர் ஆகியோர் வாக்களித்தார்கள். எடின்பரோவில் பிறந்து லண்டனில் வாழ்பவருக்கு வாக்கு இல்லை. 55.3 சதவீதம் வேண்டாம் என்றது, வாக்களித்தவர்கள் 84.6 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்ற 2016 வாக்கெடுப்பில் நாடாளுமன்றத் தேர்தலின் பட்டியலே பயன்பட்டது. அதனால் அதற்கு முந்தைய ஆண்டு வந்திறங்கிய இந்திய மாணவர் வாக்களித்தார். இருபது ஆண்டுகளாக வரி கட்டிய ஜெர்மன் குடிமகனுக்கு முடியவில்லை. அயர்லாந்தைத் தவிர்த்தால், ஒன்றிய நாட்டவர்களில் மால்டா, சைப்ரஸ் குடிமக்களுக்கு மட்டும் காமன்வெல்த் வழியாக வாக்கு கிடைத்தது.

கேள்வியின் சொற்களைத் தேர்தல் ஆணையம் சோதித்துப் பார்க்கிறது. 2016 வாக்கெடுப்புக்கு அரசு முதலில் வைத்தது ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வி. அது இருக்கும் நிலைக்கே சாய்வு தருகிறது என்று ஆணையம் சொன்னதால், நீடிப்பதா, விலகுவதா என்று இரண்டு விடைகள் அச்சிடப்பட்டன.

வெற்றிக்கான அளவுதான் பலர் கவனிக்காதது. 1979 மார்ச் 1 அன்று ஸ்காட்லாந்துக்குத் தனிப் பேரவை வேண்டுமா என்று கேட்டார்கள். 51.6 சதவீதம் ஆம் என்றது. ஆயினும் திட்டம் செத்தது. ஏனெனில் வாக்களித்தவர்களில் அல்ல, பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆம் என்று சொல்ல வேண்டும் என்ற திருத்தத்தை ஓர் ஆளுங்கட்சி உறுப்பினரே சட்டத்தில் சேர்த்திருந்தார். கிடைத்தது 32.9 சதவீதம். வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும், தாம் அறியாமலே, வேண்டாம் என்று சொன்னவர்களாக ஆனார்கள். சினமுற்ற ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி ஆதரவை விலக்கிக்கொள்ள, அதே மாதம் 28-ஆம் தேதி 311-க்கு 310 என்ற கணக்கில், ஒரே வாக்கில், பிரதமர் கலாகனின் அரசு கவிழ்ந்தது. மே மாதம் மார்கரெட் தாட்சர் பிரதமரானார். 1997-இல் மறுபடி கேட்டபோது அத்தகைய அளவு எதுவும் வைக்கப்படவில்லை. அதனால்தான் வேல்ஸில் பாதிப்பேர் மட்டுமே வாக்களித்து, 6,721 வாக்கு வித்தியாசத்தில் ஆம் வென்றபோதும், அங்கே ஒரு பேரவை பிறந்தது.

முடிவு அரசைக் கட்டுப்படுத்துமா என்பது கடைசிக் கேள்வி. பெரும்பாலும் சட்டப்படி அது ஆலோசனை மட்டுமே. 2016-இல் 51.9 சதவீதம் விலக வேண்டும் என்றபோதும், விலகல் அறிவிப்பை அனுப்ப நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியாக வேண்டும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. விலகுவது எப்படி என்பது சீட்டில் இல்லாததால், 2020 ஜனவரி 31 வரை அந்த வாதம் நீண்டது. இதற்கு நேர்மாறானது 2011 மே 5 வாக்கெடுப்பு. நாடாளுமன்றத் தேர்தலிலும் 1, 2, 3 என்று எண்ணிடும் முறை வேண்டுமா என்று கேட்டார்கள். ஆம் என்றால் என்ன நடக்கும் என்று சட்டம் முன்பே வரிவரியாக எழுதி வைத்திருந்தது. 67.9 சதவீதம் வேண்டாம் என்றது. 440 எண்ணும் பகுதிகளில் 10 மட்டுமே ஆம் என்றன. எனக்கு அந்த முடிவில் வருத்தம் உண்டு, நடத்திய விதத்தில் குறை இல்லை. சீட்டில் இருப்பது விருப்பமா, அல்லது எழுதி முடித்த திட்டமா என்று பாருங்கள்.

தேர்தலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு எண்ணும் விதத்தில் உள்ளது. இங்கே தொகுதி இல்லை. எல்லா வாக்கும் ஒரே குவியலில் சேர்கின்றன. வெற்றி தோல்வி முன்பே தெரிந்த தொகுதியில் பல ஆண்டுகள் வாக்களிக்காமல் இருந்தவருக்கும் இதில் முழு வாக்கு.

நாட்டளவில் இவை அரிது. ஊரளவில் அவ்வளவு அரிதல்ல. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் கவுன்சில் வரியை உயர்த்த விரும்பினால் கவுன்சில் உங்களைக் கேட்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் அண்டைப்பகுதித் திட்டங்களுக்கும் வாக்கெடுப்பு உண்டு. பிரிஸ்டல் நகரம் 2012-இல் வாக்கெடுப்பு நடத்தி மேயர் பதவியை உருவாக்கியது, 2022-இல் இன்னொன்றை நடத்தி 59 சதவீத வாக்கால் அதை ஒழித்தது. இரண்டு முறையும் வாக்காளர்களில் பத்துக்கு மூவர்கூட வரவில்லை. கவுன்சில் முத்திரையோடு வரும் பழுப்பு உறையில் அப்படியொரு அட்டை இருக்கக்கூடும். விளம்பரத் தாள்களோடு சேர்த்துப் போட்டுவிடாமல் பிரித்துப் பாருங்கள்.